ஜீன் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காராதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. லைக் போட்டுவிட்டு ஓடாமல் முழுசாகப் படியுங்கள். குறிப்பாக நம் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

போன வாரம் என் தம்பிக்கு முதல் வருஷத் திதி கொடுத்தோம். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றித் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா ஆரம்பித்தார். “நம்ம வம்சத்துக்கே நெஞ்சு பலவீனம்மா. உங்க தாத்தா போனார், உங்க அப்பா போனார், இப்போ இவன். யார் என்ன செய்ய முடியும்?” சுற்றி இருந்த பத்துப் பேரும் தலையாட்டினார்கள்.

அதையாவது பெரியவர் பேச்சு என்று விட்டுவிடுவேன். தம்பி மகன் சொன்னதுதான் தாங்கவில்லை. 27 வயது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. “கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்தியாப்பா?” என்று கேட்டேன். “எதுக்கு அத்தை? ஜீன்ல இருந்தா வரத்தான் போகுது. டெஸ்ட் எடுத்து என்ன ஆகப்போகுது?” என்று சிரித்தான். அவன் சட்டையில் சிகரெட் வாசம்.

விருந்தாளிகள் முன்னால் நான் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரமாக மனசுக்குள் பேசிக்கொண்டிருந்ததை இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பா தலைமுறை ‘தலையெழுத்து’ என்று சொன்னதை இந்தத் தலைமுறை ‘ஜீன்’ என்று சொல்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். தலையெழுத்து என்று சொல்பவரிடம் அறிவியல் பேசலாம். அறிவியல் வார்த்தையையே தலையெழுத்தாக மாற்றிக்கொண்டவனிடம் எதைப் பேசுவது?

நான் டாக்டர் இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, ஒன்றியப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவள். கசாப்புக் கடையில் ஆட்டு இதயம் வாங்கி வந்து, ஏழாம் வகுப்பில் வெட்டிக் காட்டியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாந்தி எடுத்தது யார் என்றும் எனக்கு நினைவிருக்கிறது, பேர் சொல்லவில்லை! தம்பி போன பிறகு இந்த ஒரு வருடம் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். புரியாததை டாக்டருக்குப் படித்த என் மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் நியாயமாகப் பேசுவோம். மாரடைப்புக்குப் பிறகு ஒருவர் எப்படித் தேறுகிறார் என்பதில் ஜீனுக்குப் பங்கு இருக்கிறதா? இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன்.

மெக்சிகோவில் ஒரு மீன் இனம் இருக்கிறது. அதே இனத்தில் ஒரு பகுதி ஆற்றில் வாழ்கிறது, ஒரு பகுதி இருட்டுக் குகைகளில் கண்ணில்லாமல் வாழ்கிறது. ஆற்று மீனின் இதயத்தில் காயம் பட்டால் தசை மறுபடி வளர்ந்துவிடுகிறது. குகை மீனுக்கு வளர்வதில்லை, தழும்புதான் விழுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இரண்டு வகையின் ஜீன்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். ஒரே இனம்தான், ஆனால் ஜீன் வேறுபாட்டால் ஒன்றின் இதயம் ஆறுகிறது, மற்றதன் இதயம் ஆறுவதில்லை.

இதில் மனிதர் எல்லோருமே குகை மீன் பக்கம்தான். நம் இதயத் தசை அணுக்கள் 25 வயதில் வருடத்துக்கு 1 சதவீதம் அளவுக்குத்தான் புதிதாகின்றன. 75 வயதில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2009-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்து நம் உடம்பில் சேர்ந்த கார்பனை வைத்துக் கணக்கிட்டார்கள். ஆகவே மாரடைப்பில் செத்த தசை செத்ததுதான். அந்த இடத்தில் தழும்பு விழும். மிச்சமுள்ள தசைதான் மொத்த வேலையையும் இழுக்க வேண்டும்.

அந்த மிச்சத் தசை எவ்வளவு தாங்கும் என்பதிலும் ஜீன் வருகிறது. இதயத் தசையைச் சுருங்கி விரிய வைக்கும் புரதங்களில் ஒன்றுக்கான ஜீனின் பெயர் எம்.ஒய்.பி.பி.சி.3. இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு அதில் 25 எழுத்துகள் விட்டுப்போயிருக்கின்றன. 2009-இல் வெளியான இந்த ஆய்வில் ஹைதராபாத்தில் உள்ள செல்லுலார் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முக்கியப் பங்கு வகித்தார். பிறகு 2011-இல் லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவக் கழகத்தில் இதயக் குழாய் அடைப்பு நோயாளிகளை ஆராய்ந்தார்கள். இதயம் பம்ப் செய்யும் சக்தி குறைந்துபோனவர்களிடம் இந்தக் குறை அதிகமாகக் காணப்பட்டது. அதே குறையோடு ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பவர்களும் ஏராளம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மாத்திரை விஷயத்திலும் ஜீன் உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்கள் பலர் குளோபிடோக்ரெல் என்ற மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது வயிற்றுக்குள் போனதும் வேலை செய்யாது. கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும். அந்த நொதியின் ஜீன் சிலருக்கு மந்தமாக இருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே இந்த மாத்திரை அட்டையில் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. இந்த மந்தம் ஐரோப்பியர்களைவிட நம்மைப் போன்ற தெற்காசியர்களிடம் அதிகம். பிரிட்டனில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் செய்த ஆய்வு 2023-இல் வந்தது. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த ஜீன் ஏதோ ஒரு அளவில் மந்தமாக இருந்தது.

“பார்த்தியா, நீயே சொல்லிட்டே, எல்லாம் ஜீன்தான்” என்று சித்தப்பா குதிக்க வேண்டாம். கடைசியாகச் சொன்ன விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன் மந்தம் என்றால் டாக்டர் கைகட்டி உட்கார்ந்துவிடுவாரா? அந்த நொதியை நம்பாத வேறு மாத்திரைகள் இருக்கின்றன. யாருக்கு எது என்று அவர் முடிவு செய்வார். ஜீனில் இருக்கிறது என்று தெரிந்ததால் ஒரு வழி திறந்தது. நம் வீட்டில்தான் ஜீன் என்ற வார்த்தை வந்ததும் எல்லா வழியையும் மூடுகிறோம். (இதைப் படித்துவிட்டு யாரும் குளோபிடோக்ரெலை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.)

இப்போது என் கேள்வி. 2012, 2013 வாக்கில் தமிழ்நாட்டில் ஒரு ஏற்பாடு செய்து பார்த்தார்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே சங்கிலியாக இணைத்தார்கள். மாரடைப்பு வந்தவரின் இ.சி.ஜி. பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்விடும். 2,420 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தார்கள். ஏற்பாட்டுக்கு முன்பு, மாரடைப்பு வந்து ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம். ஏற்பாட்டுக்குப் பிறகு 14.2 சதவீதம். 2017-இல் இந்த முடிவு அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது.

அந்த ஒன்றிரண்டு வருடத்தில் தமிழ்நாட்டு மக்களின் ஜீன் மாறிவிட்டதா? அதே ரத்தம், அதே வம்சம், அதே அரிசிச் சோறு. மாறியது ஆஸ்பத்திரிக்குப் போன வேகமும் கிடைத்த வைத்தியமும்தான். நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்தார்கள். அந்த மூன்று பேர் வீட்டில் யாரும் “எங்க வம்சம் அப்படி” என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதில்லாமல் போயிற்று.

இனி என் தம்பி கதை. இதில் என் தப்பும் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தான். அப்போது 51 வயது. ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு லோடு ஏற்றும்போது நெஞ்சை அடைத்தது. இடது தோள் வலித்தது. சோடா குடித்தான். பத்து மணிக்கு எனக்குப் போன் போட்டான். “அக்கா, வாயுப் பிடிப்பு மாதிரி இருக்கு. வேர்க்குது.” ஏழாம் வகுப்புக்கு இதயம் வெட்டிக் காட்டிய இந்த டீச்சர் என்ன சொன்னாள் தெரியுமா? “மோர்ல பெருங்காயம் கரைச்சுக் குடிச்சிட்டுப் படு. காலைல பார்க்கலாம்.”

விடியற்காலை நாலு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஏழு மணி நேரம். குழாய் அடைத்து அரை மணி நேரத்திலேயே தசை சாக ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு மணிக்கும் சாவு பரவிக்கொண்டே போகும். அந்த ஏழு மணி நேரத்தைத் தின்றது எங்கள் தாத்தாவின் ஜீன் இல்லை. சோடாவும் என் பெருங்காயமும்தான்.

பிழைத்துக்கொண்டான். ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்ப் செய்யும் அளவு 35 சதவீதம் என்றார்கள். நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல் இருக்கும். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டான், நடந்தான், சிகரெட்டை விட்டான். மறுபடி எக்கோ எடுத்தபோது 42. நன்றாகக் கவனியுங்கள். ‘பலவீனமான வம்சத்து இதயம்’ என்று நீங்கள் எல்லோரும் சொன்ன அதே இதயம் 35-இலிருந்து 42-க்கு ஏறியது. செத்த தசை திரும்பி வரவில்லைதான். ஆனால் மயங்கிக் கிடந்த தசை விழித்துக்கொண்டது, மிச்சத் தசை பழகிக்கொண்டது. மாத்திரையும் நடையும் அதற்கு இடம் கொடுத்தன.

அந்த நேரத்தில் பார்க்க வந்த சொந்தங்கள் என்ன பேசினீர்கள்? “அப்பா 57-ல போனாரு, இவனுக்கு 51-லயே வந்துடுச்சு.” “நம்ம ரத்தம் அப்படி.” நானும்தான் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பாவுக்கு வந்த மாதிரியே வந்திருக்கேடா” என்று அழுதேன். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னோம். அவன் காதில் அது தேதி குறித்த மாதிரி விழுந்தது. எட்டாவது மாதம் மாத்திரையை நிறுத்தினான். “அப்பா ஆயுசுதான் எனக்கும். இருக்கிற நாளை மாத்திரை தின்னுட்டே கழிக்கணுமா அக்கா?” என்றான். சிகரெட்டும் திரும்பி வந்தது. 53 வயதில் இரண்டாவது அட்டாக்கில் போய்விட்டான். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

மாரடைப்புக்குப் பிறகு புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட இறக்கும் ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று 20 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் எழுதினார்கள். எந்த ஜீனையும் மாற்றாமல், ஒரு ரூபாய் செலவில்லாமல், மிச்சம் பிடிக்கும் காசோடு கிடைக்கும் பலன் இது. இதை அவனிடம் உட்கார்ந்து சொல்ல நாங்கள் ஒருவர்கூட இல்லை. ரத்தத்தைப் பற்றிப் பேச ஊரே இருந்தது.

எங்கள் அப்பாவைப் பற்றியும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. ஒரு தடவைகூட பிரஷர் பார்த்ததில்லை. நெஞ்சு வலி வந்து ஒரு பகல் முழுக்கப் படுத்திருந்து, சாயங்கால பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார். 1989-இல் நடந்தது. அப்பாவிடமிருந்து தம்பிக்கு வந்தது ஜீன் மட்டுமா? புகை வந்தது. தட்டில் ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் சாப்பிடாத பழக்கம் வந்தது. “எனக்கு ஒண்ணுமில்ல, சரியாயிடும்” என்ற பேச்சும் வந்தது. வீட்டுக்குள் வழிவழியாக வரும் எல்லாவற்றுக்கும் ஜீன் என்று பேர் வைத்துவிட்டால், மாற்றக்கூடியதையும் மாற்ற முடியாதது என்று ஆக்கிவிடுகிறோம்.

சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு 82 வயது. நீங்களும் அதே வம்சம்தானே? நீங்கள் பீடி தொட்டதில்லை. இன்றைக்கும் தோட்டத்துக்கு நடந்து போகிறீர்கள். பிரஷர் மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறீர்கள். உங்களையே சாட்சியாக வைத்துக்கொண்டு எதிர்க்கட்சி பேசலாமா?

“அந்த மனுஷன் தொண்ணூறு வயசு வரை சுருட்டுப் பிடிச்சாரே” என்று ஒருவர் கிளம்புவார். எப்போதும் ஒருவர் கிளம்புவார். கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து பிழைத்தவரும் இருப்பார். அவரைப் பார்த்து நாம் கண்ணைக் கட்டிக்கொள்கிறோமா?

ஸ்வீடனில் 20,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களைப் பல வருடம் கவனித்து 1994-இல் எழுதினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டை ஆண்களில் ஒருவர் 55 வயதுக்கு முன் இதய நோயால் இறந்திருந்தால், மற்றவருக்கு அந்த ஆபத்து சுமார் 8 மடங்கு. தனித்தனிக் கருவான இரட்டையர்களில் சுமார் 4 மடங்கு. ஜீனின் பலம் அதில் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயது ஏற ஏற அந்த மடங்கு குறைந்துகொண்டே வந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. 2016-இல் 55,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு, மாரடைப்பு இன்னும் வராதவர்களுக்கானது. ஜீன் கணக்கில் அதிக ஆபத்து உள்ளவர்களிலேயே, புகை பிடிக்காமல், உடம்பு போடாமல், நடமாட்டத்தோடு, நல்ல சாப்பாட்டோடு இருந்தவர்களுக்கு இதயக் கோளாறு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 46 சதவீதம். டேய் மருமகனே, இது உனக்காக எழுதின வரி. இரண்டு தடவை படி.

இன்னொரு கூட்டத்தையும் சும்மா விட முடியாது. போன மாதம் தம்பி மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், “அப்பா ஹார்ட் அட்டாக்ல போனவராமே” என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். சரி, உங்கள் வீட்டில் சர்க்கரை இல்லையா, பிரஷர் இல்லையா? ஜாதகத்தில் இப்போது ஜீன் கட்டத்தையும் சேர்த்துவிட்டீர்களா? அந்தப் பெண் அப்பாவை இழந்த துக்கத்தில் இருக்கிறாள். அவளுக்கு நீங்கள் செய்தது அநியாயம்.

எச்சிலை அனுப்பினால் எதிர்காலமே சொல்கிறோம் என்று செல்போனில் விளம்பரம் வருகிறதே, அதற்குப் பணம் கட்டுவதற்கு முன் சாதாரண ரத்தப் பரிசோதனையை எடுங்கள். ஜீன் பரிசோதனை தேவையென்றால் டாக்டர் சொல்லட்டும்.

சரி, என்னதான் செய்வது? டீச்சர் என்பதால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டேன்.

1. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், அதை டாக்டரிடம் வயதோடு சொல்லுங்கள். வைத்தியத்தில் அதற்குக் கணக்கு உண்டு.

2. கொலஸ்ட்ரால், சர்க்கரை, பிரஷர் மூன்றையும் பாருங்கள். பிறவியிலேயே கெட்ட கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் கோளாறு சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண்டுபிடித்தால் மாத்திரை இருக்கிறது. கண்டுபிடிக்காவிட்டால் திண்ணைப் பேச்சுதான் இருக்கிறது. லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையை வாழ்நாளில் ஒரு தடவை எடுத்தால் போதும் என்கிறார்கள். அது பெரும்பாலும் ஜீன் முடிவு செய்யும் அளவு. டாக்டரைக் கேளுங்கள்.

3. நெஞ்சு அடைத்து வேர்த்தால் சோடா, ஓமத்தண்ணி, பெருங்காயம் எதுவும் வேண்டாம். உடனே 108. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையமோ துணை சுகாதார நிலையமோ இருந்தால் அங்கேயே முதல் உதவியாக 14 மாத்திரைகள் கொடுத்து மேலே அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-இலிருந்து இருக்கிறது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. கொடுப்பது அவர்கள் வேலை, நேரத்தோடு போய்ச் சேருவது நம் வேலை.

4. அட்டாக் வந்து பிழைத்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் மாத்திரை டப்பாவைத் தினமும் பாருங்கள். நடக்கும்போது கூட நடங்கள். அடுத்த எக்கோ தேதியை நினைவில் வையுங்கள்.

5. நோயாளியைப் பார்க்கப் போனால் ஆப்பிள் வாங்கிப் போங்கள். வம்ச வரலாற்றை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இவ்வளவும் செய்தும் சிலர் போய்விடுவார்கள். அது எனக்கும் தெரியும். எல்லாம் சரியாகச் செய்த ஒருவருக்கு இதயம் தேறாமல் போனால், அங்கே ஜீனைச் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். அவரைக் குற்றம் சொல்லாமல் இருக்கவும் அது உதவும். ஆனால் ஒன்றுமே செய்யாமல் முதல் நாளிலேயே ஜீனைச் சொல்லாதீர்கள்.

மருமகனே, உங்கப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பெருங்காயத்தைச் சொன்னேன். உனக்காவது சரியாகச் சொல்கிறேன். வர்ற சனிக்கிழமை ஊருக்கு வா. காலையில் வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்கு நானே கூட்டிப் போகிறேன். பணமும் நானே கட்டுகிறேன். முடிந்ததும் உனக்குப் பிடித்த ஆப்பமும் தேங்காய்ப்பாலும் இந்த அத்தை வீட்டில். சிகரெட் பாக்கெட்டை மட்டும் கோயம்புத்தூரிலேயே போட்டுவிட்டு வா.

வரவில்லை என்றால் நான் பஸ் ஏறி அங்கே வருவேன். என் கிளாஸில் படித்தவர்களைக் கேட்டுப் பார், டீச்சர் வருவாளா மாட்டாளா என்று.

அன்புடன்,
உங்கள் டீச்சர்